வரவு, செலவு, வேட்கை: குடும்பம் நடத்துகிறவர்களுக்குப் புத்தர் சொன்னவை

கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்று ஓர் ஊர். புத்தர் அங்கே தங்கியிருந்தபோது தீகஜாணு என்பவர் வந்து வணங்கி, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நாங்கள் குடும்பம் நடத்துகிறவர்கள். பிள்ளைகளோடு நெருக்கியடித்துப் படுக்கிறோம், காசிச் சந்தனம் பூசிக்கொள்கிறோம், பூமாலையும் வாசனைப் பொருள்களும் எங்களுக்கு வேண்டியிருக்கின்றன, பொன்னும் வெள்ளியும் எங்கள் கையில் புழங்குகின்றன. இப்படி இருக்கிற எங்களுக்கு இம்மைக்கும் மறுமைக்கும் நல்லது செய்யும்படி ஏதாவது சொல்லுங்கள் என்றார்.

புத்தர் அவரைத் துறவுக்கு அழைக்கவில்லை. முதலில் தொழிலைப் பற்றிப் பேசினார். அப்புறம் சேமிப்பு, அப்புறம் சேர்க்கை, அப்புறம் வரவு செலவு. மறுமைக்கான பேச்சு இதெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

பாலி மொழியில் உள்ள அங்குத்தர நிகாயம் என்ற தொகுப்பில் இந்த உரையாடல் இருக்கிறது. துறவிகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் காத்துவந்த உரைகளை கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்திலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதிவைத்தார்கள் என்பது அந்நாட்டு மரபு. அப்படி நமக்கு வந்து சேர்ந்தவற்றில் ஒன்று இது. பௌத்தத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் தியானத்திலோ, நிர்வாணம், சூனியம் போன்ற பெரிய தத்துவங்களிலோ தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வாடகை, பள்ளிக் கட்டணம், அப்பாவின் மருந்துச் செலவு என்று மாதத்தை ஓட்டுகிறவர்களுக்குத் தீகஜாணு கேட்ட கேள்விதான் நல்ல வாசல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பணத்தைப் பற்றிப் புத்தர் சொன்னதும் மனத்தைப் பற்றிச் சொன்னதும் தனித்தனிப் பாடங்கள் இல்லை என்பது அந்த வழியாகப் போனால் சீக்கிரம் புரியும்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். சித்தார்த்த கௌதமர் சாக்கியர் குலத்தவர், லும்பினியில் பிறந்தவர். 29 வயதில் வீட்டை விட்டுப் போனார், 35 வயதில் இன்றைய புத்த கயாவில் ஞானம் பெற்றார், 80 வயதில் குசிநாராவில் இறந்தார். இடையிலிருந்த 45 ஆண்டுகளும் கங்கைச் சமவெளியில் நடந்துகொண்டே இருந்தார். அரசர்களோடும் வணிகர்களோடும் பேசினார். முடிதிருத்துபவராக இருந்த உபாலியோடும், கொலைகாரனாக இருந்த அங்குலிமாலனோடும், கணிகை அம்பபாலியோடும் பேசினார். யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேசினார். அதனால்தான் துறவிகளுக்குச் சொன்னதை எடுத்து இல்லறத்தார் தலையில் அப்படியே ஏற்றிக்கொள்ளக் கூடாது.

சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் செய்த முதல் உபதேசத்தில் நான்கு உண்மைகளைச் சொன்னார். வாழ்க்கையில் துக்கம் இருக்கிறது. பிறப்பு, மூப்பு, சாவு மட்டும் துக்கம் இல்லை. பிடிக்காதவரோடு சேர்ந்திருப்பதும், பிடித்தவரைப் பிரிவதும், வேண்டியது கிடைக்காததும் துக்கம்தான். இரண்டாவது, அந்தத் துக்கத்துக்குக் காரணம் வேட்கை. மூன்றாவது, வேட்கை அடங்கினால் துக்கமும் அடங்கும். நான்காவது, அதற்கு ஒரு வழி இருக்கிறது. நற்காட்சி, நல்லெண்ணம், நற்பேச்சு, நற்செய்கை, நல்ல பிழைப்பு, நன்முயற்சி, நல்விழிப்பு, நல்லொருமை என்று எட்டு உறுப்புகள் கொண்ட வழி. எட்டையும் வரிசையாக ஏறும் படிகளாக நினைக்க வேண்டாம், சேர்ந்தே நடப்பவை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் விழிப்பு பட்டியலில் ஏழாவதாக வருகிறது. பேச்சும் செய்கையும் பிழைப்பும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

"ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதைக் கேட்டவுடன், அப்படியானால் மகளை நன்றாகப் படிக்க வைக்க நினைப்பதும் தவறா, சொந்த வீடு கட்ட நினைப்பதும் தவறா என்று பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நன்முயற்சி என்று ஒன்றை வழியின் உறுப்பாகவே வைத்தவர் முயற்சிக்கு அடிப்படையான விருப்பத்தை எப்படித் தவறு என்பார்? அவர் குறிப்பிட்ட வேட்கை வேறு. கிடைத்தாலும் அடங்காமல் அடுத்ததைத் தேடும் தாகம் அது. அது எங்கே பிறக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம். இப்போது தீகஜாணுவிடம் திரும்பலாம்.

இம்மை நன்மைக்கு நான்கு விஷயங்கள் என்றார் புத்தர். உழவோ வணிகமோ கால்நடையோ வில்தொழிலோ அரசுப் பணியோ, எதைச் செய்கிறாயோ அதில் திறமையும் ஊக்கமும் வேண்டும். இது ஒன்று. வியர்வை சிந்தி, அறவழியில் சம்பாதித்ததைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். யாரிடமிருந்து? அரசர்கள், திருடர்கள், தீ, வெள்ளம், அப்புறம் மனசுக்குப் பிடிக்காத வாரிசுகள். இந்தக் கடைசி வகையைப் படிக்கும்போதெல்லாம், இவர் குடும்பங்களை எவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார் என்று வியப்பாக இருக்கும். மூன்றாவது, ஊரில் நல்லொழுக்கமும் ஈகையும் அறிவும் உள்ளவர்களோடு, இளையவரானாலும் மூத்தவரானாலும், பழகி அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான்காவது சமவாழ்வு. வரவும் தெரிய வேண்டும், செலவும் தெரிய வேண்டும். மிக ஆடம்பரமாகவும் வாழக் கூடாது, மிகக் கஞ்சத்தனமாகவும் வாழக் கூடாது. தராசு பிடிக்கிறவனுக்குத் தட்டு இவ்வளவு தாழ்ந்திருக்கிறது, இவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி தெரிந்திருக்க வேண்டும் என்றார். குறைந்த வருமானத்தில் பகட்டாக வாழ்கிறவனை, அத்திப்பழம் தின்கிறவன் மாதிரிச் சொத்தைத் தின்கிறான் என்று ஊர் பேசும். நிறைய வருமானம் இருந்தும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறவனை, பட்டினி கிடந்தே சாவான் என்று பேசும். இரண்டாவது எச்சரிக்கையையும் விட்டுவிடக் கூடாது. கையில் இருந்தும் வலிக்கும் பல்லுக்கு மருத்துவரைப் பார்க்காமல் தள்ளிப்போடும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அதை எளிமை என்று நாம் பாராட்டுகிறோம். புத்தர் பாராட்டவில்லை.

ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்ன உரையில் இன்னும் துல்லியமாக ஒரு கணக்கு வருகிறது. வருவதை நான்காகப் பிரி. ஒரு பங்கை அனுபவி. இரண்டு பங்கைத் தொழிலில் போடு. நான்காவது பங்கை ஆபத்துக் காலத்துக்கு எடுத்து வை. இட்லிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்லாவில் 4,000 ரூபாய் விழுந்தால் 2,000 மறுநாள் அரிசிக்கும் உளுந்துக்கும் எண்ணெய்க்கும் கேஸுக்கும் போயாக வேண்டும், அதில் கை வைத்தால் கடை நிற்காது என்பது அவருக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு செய்திகளை என்று நினைக்கிறேன்: அனுபவிப்பதற்கென்று ஒரு பங்கு உண்டு, அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்; ஆபத்துக்கென்று ஒரு பங்கு உண்டு, அதைத் தொடக் கூடாது.

சரி, நான்காகப் பிரிக்கும் அளவுக்கு வருமானமே இல்லாதவர்கள்? அவர்களிடம் சிக்கனம் பேசுவது அநியாயம். அது புத்தருக்குத் தெரிந்திருக்கிறது. கூடதந்தர் என்ற பிராமணருக்கு அவர் சொன்ன கதையில், நாட்டில் கொள்ளை பெருகியபோது தண்டனையால் அது அடங்காது என்று அரசனின் புரோகிதர் சொல்கிறார். உழவர்களுக்கு விதையும் தீவனமும், வணிகர்களுக்கு முதலும், அரசு ஊழியர்களுக்கு ஒழுங்கான ஊதியமும் கொடுக்கச் சொல்கிறார். அரசன் அப்படிச் செய்தபிறகு மக்கள் கதவைத் திறந்துபோட்டு வாழ்ந்தார்கள் என்கிறது கதை. வறுமையை ஒருவருடைய பழைய வினை என்று தள்ளிவிடாமல் ஆள்பவரின் பொறுப்பாகப் பார்க்கிற பார்வை இது. பௌத்தம் என்றால் உலகைவிட்டு ஒதுங்குவது என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

கடனைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறார். சாவத்தி நகரத்துப் பெருவணிகர் அநாதபிண்டிகரிடம், இல்லறத்தாருக்கு நான்கு சுகங்கள் உண்டு என்றார். நேர்மையாகச் சம்பாதித்த பொருள் கையில் இருக்கும் சுகம், அதை அனுபவிக்கிற, கொடுக்கிற சுகம், யாருக்கும் சிறிதோ பெரிதோ கடன்படாத சுகம், பழிபாவம் இல்லாத சுகம். முதல் மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதற்கு வீசம்கூடப் பெறாது என்று முடித்தார். ஆனாலும் அந்த மூன்றையும் சுகம் என்றே சொன்னார். இன்னோர் இடத்தில், உலக இன்பங்களை அனுபவித்து வாழ்கிறவனுக்கு வறுமை துன்பம், அதனால் கடன் வாங்குவது துன்பம், வட்டி கட்ட ஒப்புக்கொள்வது துன்பம், கட்ட முடியாதபோது நெருக்கப்படுவது துன்பம், துரத்தப்படுவது துன்பம், கட்டுண்டு போவது துன்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். கடன் செயலியில் பணம் எடுத்துவிட்டு, உறவினர்களுக்கெல்லாம் மிரட்டல் அழைப்பு போவதைப் பார்த்துத் துடித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது.

கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் நிலுவை இருக்கிறது, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 1,750 ரூபாய். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். மொத்தம் 2,065. குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டினால் போதும் என்று சொல்லியிருப்பதால் 2,500 ரூபாய் கட்டுகிறோம். அதில் அசலில் குறைவது 435 ரூபாய். அடுத்த மாதமும் ஏறக்குறைய இதே கதை. தராசுத் தட்டு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்றாரே, அதற்கு இன்றைய பொருள் இந்த 435 என்ற எண்ணைத் தெரிந்து வைத்திருப்பதுதான். பில்லில் மேலே பெரிதாக இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே உள்ளதைப் படிக்காமல் மூடிவிடுகிறோம். பார்க்கப் பயமாக இருப்பதால் பார்க்காமல் விடுகிறோம்.

இனி அந்த 50,000 எப்படிச் சேர்ந்தது என்று கேட்கலாம். ஆஸ்பத்திரிச் செலவாக இருந்தால் வேறு பேச்சு. ஆனால் பல நேரம் அது சிறுகச் சிறுகச் சேர்ந்தது. அங்கேதான் வேட்கை வருகிறது.

வேட்கை பிறக்கும் விதத்தைப் புத்தர் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட ஒரு தொடராகச் சொன்னார். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்பதால் சார்பு என்று பெயர். தமிழில் மணிமேகலை இந்தப் பன்னிரண்டையும் அழகான தமிழ்ச் சொற்களில் சொல்லிவைத்திருக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பன்னிரண்டும் தொடக்கத்திலேயே புரிய வேண்டும் என்பதில்லை. நடுவில் உள்ள ஐந்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வாயில் என்பது ஐம்புலனும் மனமும். ஊறு என்பது வாயிலில் ஏதோ ஒன்று வந்து படுவது. பட்டவுடன் இனிமையாகவோ கசப்பாகவோ இரண்டுமில்லாமலோ உள்ளே ஓர் அனுபவம், அது நுகர்வு. அதைத் தொட்டு வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுவது வேட்கை. அதை இறுகப் பிடித்துக்கொள்வது பற்று.

ராத்திரி பதினொன்றரை மணி. பகலில் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் வாங்கிய திட்டு இன்னும் உள்ளே குமைகிறது. தூக்கம் வரவில்லை, கையில் போன். ஒரு வாட்ச் விளம்பரம் கண்ணில் படுகிறது: ஊறு. நெஞ்சில் சின்ன இதம்: நுகர்வு. விரல் அந்தப் படத்தை அழுத்துகிறது: வேட்கை. இவ்வளவு கஷ்டப்பட்டு உழைக்கிறோம், நமக்கென்று ஒன்று வாங்கக் கூடாதா, நாளைக்கு விலை ஏறிவிடுமே என்று மனம் வாதாட ஆரம்பிக்கிறது: பற்று. இஎம்ஐ ஆறு மாதம் என்று ஒரு பொத்தான் தயாராக இருக்கிறது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வாட்ச் இல்லை, பகலில் வாங்கிய திட்டு. புத்தர் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். பயிற்சி இல்லாதவனுக்கு வலி வந்தால் இரண்டு அம்புகள் பாய்ந்த மாதிரி ஆகிறது என்று ஓர் உரையில் வருகிறது. முதல் அம்பு உடலில் நேர்ந்த வலி. இரண்டாவது, அதை நினைத்துப் புலம்பி, மார்பில் அடித்துக்கொண்டு தானே உண்டாக்கிக்கொள்ளும் வலி. இந்த இரண்டு அம்புக் கதை பலருக்குத் தெரியும். அதே உரையில் அடுத்து வருவதை யாரும் அதிகம் சொல்வதில்லை. வலி வந்தவுடன் அவன் புலன் இன்பத்தில் போய் ஒதுங்குகிறான், ஏனென்றால் வலியிலிருந்து தப்பிக்க அதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியாது என்கிறார். எனக்குத் தெரிந்து வேட்கையைப் பற்றி இவ்வளவு இரக்கத்தோடு சொல்லப்பட்ட விளக்கம் வேறு இல்லை. குடிக்கிறவரையும், தேவையில்லாமல் வாங்கிக் குவிக்கிறவரையும், நள்ளிரவு வரை போனை உருட்டுகிறவரையும் பேராசைக்காரர் என்று திட்டிவிட்டுப் போகாமல், இவருக்கு எங்கே வலிக்கிறது என்று பார்க்கச் சொல்கிற விளக்கம். நம்மை நாமே பார்க்கும்போதும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வலியைத் தடுக்க முடியாது, நுகர்வையும் தடுக்க முடியாது. இனிப்பு நாக்கில் பட்டால் இனிக்கத்தான் செய்யும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் நாம் நிற்க முடியும் என்பதுதான் பயிற்சியின் சாரம். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இப்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தோள் இறுகியிருக்கிறதா, மூச்சு மேலோட்டமாகப் போகிறதா, வயிற்றில் என்ன. திட்டு வாங்கியது வலிக்கிறது என்று மனதுக்குள் வார்த்தையாகவே சொல்லிக்கொள்ளுங்கள். வாட்ச் வேண்டாம் என்று சண்டை போடாதீர்கள், அது வேட்கையின் இன்னொரு முகம். கொஞ்ச நேரத்தில் அந்த வேகம் தானாக ஏறி இறங்குவது தெரியும். எப்போதும் இறங்கிவிடுமா என்றால், இல்லை. பல தடவை வாங்கியும் விடுவோம். ஆனால் ஏறி இறங்குவதை ஒரு முறை நேராகப் பார்த்தவருக்கு, நிலையாமை என்று நூல்களில் வருவது என்ன என்று தெரிந்துவிடும்.

மூச்சைக் கவனிப்பது, உடலில் ஓடும் உணர்ச்சிகளைக் கவனிப்பது எல்லாம் இந்த இடத்தில் நிற்கக் கற்றுக்கொள்ளத்தான். பர்மாவில் தொழிலதிபராக இருந்த கோயங்கா, அங்கே அரசுக் கணக்குத் துறையில் உயர் அதிகாரியாக இருந்த ஊ பா கின்னிடம் விபாசனா என்ற தியான முறையைக் கற்று, 1969-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இகத்புரியில் அவர் உருவாக்கிய மையம் 1976 முதல் நடக்கிறது. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடித்தான் அவர் முதலில் குருவிடம் போனார். ஆசிரியர், மாணவர் இருவருமே குடும்பஸ்தர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மருத்துவமனை நோயாளிகளுக்காக மனவிழிப்புப் பயிற்சியைச் சமயச் சாயல் இல்லாமல் வடிவமைத்தார். இன்று ஐடி அலுவலகங்களில் நடக்கும் பயிற்சிகள் பலவற்றுக்கு அதுவே வேர்.

அந்த அலுவலகப் பயிற்சிகள் பலருக்கு உதவுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, மன அழுத்தம் உன் மூச்சில்தான் இருக்கிறது என்று ஊழியரிடம் சொல்வது புத்தர் சொன்ன வழி ஆகாது. சிகாலனுக்குச் சொன்ன அதே உரையில் வேலை கொடுப்பவர் செய்ய வேண்டியவை ஐந்து வருகின்றன. ஆளின் வலுவைப் பார்த்து வேலை கொடுக்க வேண்டும். சோறும் கூலியும் கொடுக்க வேண்டும். நோய் வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சுவையான பண்டம் செய்தால் பகிர்ந்து கொடுக்க வேண்டும். நேரத்தில் ஓய்வு கொடுத்து அனுப்ப வேண்டும். பதிலுக்கு வேலை செய்பவரும் நேர்மையாக, நன்றாக வேலை செய்ய வேண்டும், கொடுத்ததை மட்டுமே எடுக்க வேண்டும் என்று அவர் பங்கும் சொல்லப்படுகிறது.

இதை நிறுவனங்களுக்குச் சொல்வதற்கு முன் நம் சமையலறைக்குச் சொல்லிக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கிறோமா? பொங்கலுக்கு ஊருக்குப் போக அவர் நாலு நாள் லீவு கேட்டால் நம் முகம் எப்படிப் போகிறது? அவருக்கென்று தனி டம்ளர் இருக்கிறதா? முதல் நாள் மிஞ்சிய குழம்பைக் கொடுப்பதைத் தர்மம் என்று நினைக்கிறோம். புத்தர் சொன்ன நான்காவது கடமை, வீட்டார் விரும்பிச் சாப்பிடும் நல்ல பண்டத்தில் பங்கு. தினமும் காலையில் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காருகிறவர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்கினால், உட்காருவதை நிறுத்த வேண்டாம், ஆனால் பயிற்சியை இங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.

அந்த உரையில் கணவனின் கடமைகளும் உண்டு. மனைவியை மதிப்பது, இழிவாக நடத்தாமல் இருப்பது, துரோகம் செய்யாமல் இருப்பது, வீட்டின் அதிகாரத்தை ஒப்படைப்பது, நகை வாங்கித் தருவது. அந்தக் காலத்து வீட்டு அமைப்புதான் அதில் தெரிகிறது. ஆனாலும் அவமதிக்காதே என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதும் இந்தப் பின்னணியில் நன்றாகப் புரியும். அவர்கள் தேடியது தனிமனிதரின் மன நிம்மதியை மட்டும் இல்லை. மனிதர் மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு ஓர் அறம். தனியாக இருக்கும் ஒருவனுக்குத் தம்மம், அதாவது புத்தர் சொன்ன அறம், தேவைப்படாது, இருவர் உறவோடு வாழும் இடத்தில்தான் தம்மம் வேண்டும் என்பது அம்பேத்கரின் விளக்கம். தனி டம்ளரைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டுத் தமிழில் பௌத்தம் பேச முடியாது என்று நான் சொல்வது அதனால்தான்.

பேச்சைப் பற்றியும் ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. நல்ல பேச்சுக்கு ஐந்து அடையாளங்கள்: தக்க நேரத்தில் பேசுவது, உண்மை, மென்மை, பயன், அன்போடு பேசுவது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்றை அனுப்புவதற்கு முன் இந்த ஐந்தையும் ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் உண்மை என்ற இடத்திலேயே நின்றுவிடும், மீதியில் பாதி நேரத்தில் நின்றுவிடும். கோபத்தில் நாம் தட்டும் பதில்கள் பல சமயம் உண்மையாகத்தான் இருக்கும். நேரமும் அன்பும்தான் இருக்காது.

எதை வைத்துப் பிழைக்கிறோம் என்பதிலும் இல்லறத்தாருக்கு ஒரு வரையறை உண்டு. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு ஆகியவற்றை விற்கும் வணிகம் வேண்டாம் என்றார். இன்று சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது கடினமான கேள்வி. சூதாட்டச் செயலிக்கு நிரல் எழுதுகிறவர், விற்பனை இலக்குக்காக முதியவர்களின் தலையில் புரியாத காப்பீட்டுத் திட்டத்தைக் கட்டுகிறவர் எல்லாம் பட்டியலில் பெயராக இல்லை. என் பார்வையில் அவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள்தான். உடனே வேலையை விடு என்று குடும்பத்தைத் தாங்குகிறவரிடம் சொல்ல முடியாது. ஆனால் அநாதபிண்டிகருக்குச் சொன்ன நான்காவது சுகம் தமக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை அவர் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, இதையெல்லாம் பின்பற்ற மதம் மாற வேண்டுமா, மறுபிறவியை நம்ப வேண்டுமா என்று கேட்பவர்கள் நிறைய. மறுபிறவியைப் பற்றி முடிவு செய்யாதவர்களுக்கு, கேசபுத்தம் ஊரில் காலாமர்களிடம் அவர் பேசியது போதும். பலர் சொல்கிறார்கள், நூலில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக ஏற்க வேண்டாம்; பேராசையும் வெறுப்பும் மயக்கமும் கெடுதலைத் தருகின்றனவா என்று நீங்களே பார்த்து, கெடுதல் என்று தெரிந்தால் விடுங்கள் என்றார். அப்புறம், மறுமை இருந்தால் பகையற்ற மனத்தோடு வாழ்ந்தவனுக்கு அங்கே நல்லது, மறுமை இல்லாவிட்டாலும் இங்கேயே அவன் துன்பமில்லாமல் வாழ்ந்திருப்பான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

மத மாற்றத்தைப் பற்றிய கேள்விக்கு நாளந்தாவில் நடந்ததைச் சொல்லலாம். உபாலி என்ற பெரிய செல்வந்தர், மேலே சொன்ன உபாலி வேறு, சமணரான நிகண்டர்களைப் போற்றிவந்தவர். புத்தரை வாதத்தில் வெல்லத்தான் வந்தார். பேசப் பேச மனம் மாறி, உங்கள் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். உம்மைப் போன்ற பெயர்பெற்ற மனிதர் நன்றாக விசாரித்துப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது என்று புத்தர் பதில் சொன்னார். உபாலி விடவில்லை, மறுபடியும் கேட்டார். அப்போது புத்தர் இன்னொன்றையும் சொன்னார்: உம் வீடு நெடுங்காலமாக நிகண்டர்களுக்குத் தண்ணீர்த் துறை போல இருந்துவந்திருக்கிறது, அவர்கள் வாசலுக்கு வந்தால் இனியும் சோறு போட வேண்டும் என்பதை நினைவில் வையும்.